மறுபடி சொல்லுங்கள்: ஆகாயத்தில் பேசும் ஆங்கிலம்

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. விருத்தாசலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் மங்கலம்பேட்டைக் கடைவீதியில் லேத்துப் பட்டறை, டூவீலர் ஒர்க்‌ஷாப், ரைஸ் மில் எல்லா இடத்திலும் இயந்திரங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஊரிலிருந்த டிவிகள் எல்லாம் ஒரே செய்திக்கு மாறின. மாலை 5.40 மணிக்குத் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. சுமார் 140 பயணிகளோடு அது மேலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு குறைவு. அவர்கள் போவதும் வருவதும் பெரும்பாலும் திருச்சி வழியாகத்தான். அதனால் அன்று எல்லார் கண்ணும் டிவியில் இருந்தது. எதிர் வீட்டுப் பெரியம்மா கையில் தசமணியை உருட்டியபடி என்னிடம் கேட்டார்: “ஏம்ப்பா, மேல இருக்கிறவங்களும் டவர்ல இருக்கிறவங்களும் இப்ப என்ன பேசிக்குவாங்க? டவர்ல நம்மூருப் புள்ளதானே இருக்கும், தமிழ்லயே பேசிக்கக் கூடாதா?”

இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு, இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது. தெருவே மூச்சு விட்டது. ஆனால் பெரியம்மாவின் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. வானத்தில் எதிர்பாராதது நடக்கும்போது மனிதர்கள் எந்த மொழியில், எந்தச் சொற்களில் பேசிக்கொள்கிறார்கள்? அந்தச் சொற்கள் தவறினால் என்ன ஆகும்? விசாரித்துப் படிக்கப் படிக்க, இது விமானிகளின் சங்கதி மட்டுமில்லை என்று புரிந்தது. ஆங்கிலத்தைக் கண்டு கூசி நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஒரு அலைவரிசை, பல காதுகள்

விமானியின் ரேடியோ நம் செல்போனைப் போல இரண்டு பேருக்கு மட்டுமான இணைப்பு கிடையாது. வானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அலைவரிசை உண்டு. அந்தப் பகுதியில் பறக்கும் எல்லா விமானங்களும், தரையிலிருந்து அவற்றை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரும் அதே அலைவரிசையில்தான் இருப்பார்கள். ஒருவர் பேசினால் அத்தனை பேர் காதிலும் விழும். கொழும்பிலிருந்து வரும் விமானியும் சிங்கப்பூரிலிருந்து வரும் விமானியும், முன்னால் போகும் விமானத்துக்கு என்ன சிக்கல் என்பதை இப்படித்தான் தெரிந்துகொள்கிறார்கள். கட்டுப்பாட்டாளரும் விமானியும் தமிழில் பேசிக்கொண்டால் அவர்கள் இருவருக்கும் வசதி. மற்றவர்கள் இருட்டில் நிற்பார்கள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனமான ஐகாவோவின் விதிப்படி, தரை நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். சர்வதேசப் போக்குவரத்து உள்ள இடங்களில் விமானி கேட்டால் ஆங்கிலத்தில் பேச ஆள் இருந்தாக வேண்டும். இந்தியாவில் வானப் பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். சென்னைக் கட்டுப்பாட்டாளர்களின் பொறுப்பில் வங்காள விரிகுடாவின் பெரும் பரப்பும் இருக்கிறது. ஒரு பக்கம் கொழும்பு, இன்னொரு பக்கம் கோலாலம்பூர் என்று எல்லை பிரித்துக்கொண்டு, உலகத்தின் எல்லா உச்சரிப்புகளோடும் அவர்கள் பேசுகிறார்கள்.

இந்த ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினால் இரண்டு குரலும் மோதி, கீச்சென்று ஒரு விசில் சத்தம் மட்டும் கேட்கும். குரலின் முழு அகலமும் கடந்து போகாது. ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி மட்டுமே போய்ச் சேரும். ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற காற்றொலிகளின் உயிர் அதற்கு மேலே இருப்பதால் அவை தேய்ந்துவிடும். ‘ஃபைவ்’ என்பதும் ‘நைன்’ என்பதும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும், ஏனென்றால் இரண்டின் நடுவிலும் இருப்பது அதே ‘ஐ’. அதனால்தான் விமானிகள் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் மூன்றை ‘ட்ரீ’ என்றும் சொல்லப் பழகுகிறார்கள். எங்கள் பள்ளியில் ‘ட்ரீ’ என்று சொன்ன பையனைக் கேலி செய்வார்கள். ஆகாயத்தில் அதுதான் சரியான உச்சரிப்பு.

வேகத்துக்கும் அளவு உண்டு. நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டாமல் சீராகப் பேச வேண்டும் என்கிறது ஐகாவோ. சாதாரண ஆங்கிலப் பேச்சு 150 சொல்லைத் தொடும். ஆகவே வானத்தின் நல்ல ஆங்கிலம் மடமடவென்று கொட்டுவதில் இல்லை.

‘சரி’ என்றால் என்ன?

நாம் ‘சரி’ என்ற ஒரு சொல்லை எத்தனை பொருளில் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கேட்டுக்கொண்டேன் என்பதும் சரி. செய்கிறேன் என்பதும் சரி. ஒப்புக்கொள்கிறேன், பேச்சை முடிப்போம் என்பதும் சரிதான். வீட்டில் இதனால் சிறு சண்டை வரும். வானத்தில் உயிர் போகும். அதனால் அங்கே இந்தப் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘ராஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுதும் காதில் விழுந்தது, அவ்வளவுதான். ‘வில்கோ’ என்றால் புரிந்தது, அப்படியே செய்கிறேன். ஆமாம் என்பதற்கு ‘அஃபர்ம்’, இல்லை என்பதற்கு ‘நெகட்டிவ்’. ‘ஸ்டேண்ட் பை’ என்றால் பொறுங்கள், கூப்பிடுகிறேன். அதில் அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. உயரம், ஓடுபாதை எண், அனுமதி போன்ற முக்கியமான விஷயங்களில் ‘ராஜர்’ மட்டும் போதாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதைக் கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்டுத் தவறிருந்தால் திருத்த வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் பெரிய இழப்புகள் இருக்கின்றன. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள்: ஒரு முனையில் டச்சு நிறுவனமான கேஎல்எம், எதிரே ஓடுபாதை மேலேயே ஊர்ந்து வரும் பான் ஆம். கேஎல்எம் விமானத்திலிருந்து வந்த குரல், “வீ ஆர் நவ் அட் டேக்ஆஃப்” என்றது. ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர்கள் பொருள். கிளம்பும் இடத்தில் நிற்கிறோம் என்று எடுத்துக்கொண்டார் கட்டுப்பாட்டாளர். டச்சு மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பின்னர் பலரும் விளக்கினார்கள்.

தமிழர்களுக்கு இது உடனே புரியும். “எங்கப்பா இருக்கே?” என்று போனில் கேட்டால், சட்டை போட்டுக்கொண்டே “இதோ வந்துட்டேன்” என்போம். இறந்த காலத்தில் சொல்கிறோம், இன்னும் வாசல் தாண்டவில்லை. கேட்பவருக்கும் நம் பழக்கம் தெரியும் என்பதால் பிழைத்துக்கொள்கிறோம். இந்தப் பேச்சை அப்படியே ஆங்கிலமாக்கி ஓடுபாதையில் சொன்னால் என்ன ஆகும்?

டெனரீஃப் கட்டுப்பாட்டாளர் “ஓகே” என்றார். ஒரு சிறு இடைவெளி விட்டு, காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பேசினார். இரண்டு குரலும் மோதின. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும்தான், மிச்சம் விசில் சத்தம். 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் விபத்து ஒன்றில் இதைவிட அதிகம் பேர் இறந்ததில்லை. அதன் பிறகு ‘டேக்ஆஃப்’ என்ற சொல்லுக்கே வேலி கட்டினார்கள். கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே அந்தச் சொல் வாயில் வரலாம். மற்ற நேரத்தில் ‘டிபார்ச்சர்’தான்.

புத்தகத்தில் இல்லாத எருமை

வழக்கமான நாளுக்கு இந்தத் தயார் வாக்கியங்கள் போதும். ஆனால் 2014 நவம்பர் 6 அன்று சூரத்தில் கிளம்ப ஓடிக்கொண்டிருந்த ஸ்பைஸ்ஜெட் விமானம் ஓடுபாதையில் நின்ற எருமை மேல் மோதியது. எந்தப் புத்தகத்திலும் எருமைக்குத் தயார் வாக்கியம் இல்லை. முன்கண்ணாடியில் விரிசல், பயணிக்கு வலிப்பு, சரக்கறையிலிருந்து கருகல் வாடை என்று எதிர்பாராதது எந்த உருவிலும் வரலாம். அந்த நேரத்தில் விமானி சாதாரண ஆங்கிலத்துக்கு வந்தாக வேண்டும்.

அந்த ஆங்கிலத் திறனை அளக்க ஐகாவோ ஆறு படிகள் வைத்திருக்கிறது. சர்வதேசப் பாதையில் பறக்கும் விமானிக்கும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளருக்கும் குறைந்தது நான்காம் படி வேண்டும். 2008 மார்ச் 5 முதல் இது விதி. தயாராகாத நாடுகளுக்கு 2011 வரை அவகாசம் தந்தார்கள். நான்காம் படியில் இருப்பவர் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையும், ஐந்தில் இருப்பவர் ஆறு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஆறாம் படிக்கு மறுதேர்வு இல்லை. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என்ற ஆறையும் பார்க்கிறார்கள். ஆறில் எது குறைவோ அதுவே அவருடைய படி.

நான்காம் படி கேட்பது என்ன என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், ஆனால் அது எப்போதாவதுதான் புரிதலைக் கெடுக்கலாம். இலக்கணத்தில் பிழை வரலாம், ஆனால் அது பொருளைக் கெடுப்பது அரிதாக இருக்க வேண்டும். எதிர்பாராத நேரத்தில் சொல் கிடைக்காமல் போகலாம், ஆனால் வேறு சொற்களால் சுற்றி வந்து பெரும்பாலும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். குழப்பம் வந்தால் கேட்டு, உறுதி செய்து, தெளிவுபடுத்திக்கொள்ளத் தெரிய வேண்டும்.

சுற்றி வந்து சொல்வதை ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பயணிக்கு வலிப்பு. அதற்கான ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவில்லை. அப்போது, “ஒன் பாசெஞ்சர், வெரி சிக். பாடி ஷேக்கிங். நாட் ஆன்சரிங். நீட் டாக்டர் அண்ட் ஆம்புலன்ஸ் ஆஃப்டர் லேண்டிங்” என்றால் போதும். ஆங்கில வாத்தியார் இதில் சிவப்பு மையால் வட்டம் போடுவார். கட்டுப்பாட்டாளருக்கோ எல்லாமே இதில் கிடைத்துவிட்டது: யாருக்கு, என்ன நிலை, என்ன தேவை, எப்போது. எருமைக்குச் சொல் வராவிட்டால் “பிக் அனிமல் ஆன் த ரன்வே” என்றால் அடுத்த விமானம் பிழைத்துக்கொள்ளும்.

இந்தத் திறன் இல்லாமல் போனதன் விலையை இந்தியா நேரில் பார்த்திருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு மேற்கே ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் இரண்டு விமானங்கள் நேருக்கு நேர் மோதின. டெல்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய போயிங் 747 விமானம் 14,000 அடிக்கு ஏறி நிற்க வேண்டும். இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் அடி. எதிரே விமானம் வருகிறது, 14 மைல் தூரத்தில் இருக்கிறது, 14,000 அடியில் இருக்கிறது என்று கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார். கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்குத் தனி ஆள் இருந்தார். அவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த விமானம் தனக்குத் தந்த உயரத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். அவர்களில் பலர் வளைகுடா வேலைக்குக் கிளம்பிய இந்தியத் தொழிலாளர்கள். நீதிபதி ரமேஷ் சந்திர லகோட்டி தலைமையிலான விசாரணை, கஜகஸ்தான் குழு அனுமதியின்றிக் கீழே இறங்கியதைக் காரணமாகச் சொல்லி, அவர்களுக்கு ஆங்கிலம் போதாததால் கட்டளை தவறாகப் புரியப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. அதன் பின்னரே மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. 1998-ல் கூடிய ஐகாவோ பேரவை, ஆங்கிலத் திறனை உறுதி செய்யும் வேலையைத் தொடங்கச் சொல்லித் தீர்மானம் போட்டது.

பீஸ் கட்டையும் மேடேயும்

எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போனது. பொம்மை, அகல் விளக்கு என்று பல பொருள் செய்தாலும், வீட்டு மெயின் போர்டில் இருக்கும் வெள்ளை பீஸ் கட்டைதான் எனக்குப் பிடித்தது. வருஷக்கணக்கில் அது சும்மா இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். லோடு மீறும் நொடியில் அதனுள் இருக்கும் கம்பி உருகி வீட்டைக் காக்கும். அந்தச் சூட்டைப் பீங்கான் தாங்கும். கம்பி அடிக்கடி போகிறதே என்று யாராவது அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால், காப்பாற்ற வேண்டியது தன் வேலையைச் செய்யாது.

ஆகாயத்தில் ‘மேடே’ என்ற சொல் அந்த பீஸ் கட்டை. 1920-களின் தொடக்கத்தில் லண்டன் அருகே குரோய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த ஃபிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்ட் உருவாக்கியது. எனக்கு உதவுங்கள் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. உயிருக்கு ஆபத்து என்றால் ‘மேடே’ என்று மூன்று முறை. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் அவசரம் என்றால் ‘பான் பான்’ என்று மூன்று முறை. அதன் பிறகு யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், என்ன நடந்தது, என்ன செய்யப்போகிறோம், எங்கே எந்த உயரத்தில் இருக்கிறோம், விமானத்தில் எத்தனை பேர், எரிபொருள் எவ்வளவு நேரத்துக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்ததும் அலைவரிசை அடங்கும். மற்ற விமானங்கள் வழிவிடும்.

1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியான்கா விமானம் நியூயார்க் வானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் வற்றிக்கொண்டிருந்தது. துணை விமானி ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்றார், எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார். எமர்ஜென்சி என்ற சொல்லையோ மேடேயையோ கடைசி வரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு அது பத்தோடு பதினொன்றாகக் கேட்டது. முதல் முயற்சியில் தரையிறங்க முடியாமல் திரும்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து ஒரு குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். ரேடியோவில் பேசிய துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியும். அந்த ஒரு சொல்தான் வாயில் வரவில்லை.

இன்று எரிபொருளுக்கென்றே இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. இனிமேல் தாமதம் தாங்காது என்றால் ‘மினிமம் ஃப்யூயல்’. இருப்பு வைத்தாக வேண்டிய கடைசி அளவையும் தொட்டுத்தான் இறங்க முடியும் என்றால் ‘மேடே ஃப்யூயல்’. 2025 ஜூன் 19 அன்று குவாஹாத்தியிலிருந்து 168 பயணிகளோடு சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம் நெரிசலால் சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருக்குத் திரும்பியது. வழியில் விமானி எரிபொருள் குறைவு என்று மேடே சொன்னார். வழி விடப்பட்டது, எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். அதே ஆண்டு மே 21 அன்று டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் போன இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கி மூக்கு நசுங்கியபோது, விமானிகள் ஸ்ரீநகருக்குச் சொன்னது பான் பான். இரண்டும் வெவ்வேறு அளவு ஆபத்து, வெவ்வேறு சொல்.

ஆயுத பூஜை நாளுக்குத் திரும்புவோம். டிவிகள் அன்று எமர்ஜென்சி என்று அலறின. விமானிகள் எமர்ஜென்சி அறிவிக்கவில்லை என்று விமான நிறுவனம் பிறகு விளக்கம் தந்தது. இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். விமானி மேடே சொல்வது ஒன்று. தீயணைப்பு வண்டிகளையும் ஆம்புலன்ஸ்களையும் நிறுத்தி விமான நிலையம் ‘ஃபுல் எமர்ஜென்சி’ என்று தரையில் தயாராவது இன்னொன்று. போயிங் 737 விமானத்தில் எரிபொருளைக் காற்றில் கொட்ட வழியில்லை. எடை குறையும் வரை சுற்றி எரிக்கத்தான் வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தவிப்பாக இருந்த அந்த வட்டங்கள், உள்ளே இருந்தவர்களுக்குக் கையேட்டுப்படி செய்த நிதானமான வேலை. அந்த நேரத்தில் விமானிகளுக்கு ஒரு வரிசை சொல்லித் தரப்பட்டிருக்கிறது: முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து வழியைப் பார், அதற்குப் பிறகு பேசு. அதனால் நல்ல கட்டுப்பாட்டாளர் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர்கள் கையைக் கட்டிப் போட மாட்டார். கேட்டதாகச் சொல்வார், மற்ற விமானங்களை விலக்குவார், அலைவரிசையை அமைதியாக்குவார், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்வார், கேட்ட உதவியைத் தருவார், யோசிக்க நேரம் விடுவார்.

தரையிலும் அதே ஆபத்து

ஓடுபாதையில் நேரம் இன்னும் குறைவு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், நிலநடுக்க நிவாரணப் பொருள்களோடு கிளம்பவிருந்த கடலோரக் காவல்படை விமானத்துக்கு, நீங்கள் ‘நம்பர் ஒன்’, ஓடுபாதைக்கு முன்னால் உள்ள நிறுத்தக் கோடு வரை வாருங்கள் என்று கட்டளை வந்தது. வரிசையில் முதல் என்பது மட்டுமே அதன் பொருள். விமானி அதைச் சரியாகத் திருப்பியும் சொன்னார். ஆனால் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்ததாக எண்ணி உள்ளே போய் நின்றார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதித் தீப்பிடித்தது. அதிலிருந்த 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தின் ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். ‘நம்பர் ஒன்’ என்று சொல்வதையே ஜப்பான் சில காலம் நிறுத்தி வைத்தது. சொல் சரியாகத் திரும்பி வந்தாலும் பொருள் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதை ஹனேடா கற்றுத் தந்தது.

நம் திருச்சியிலும் ஒரு இரவு உண்டு. 2018 அக்டோபர் 12 அதிகாலை, 130 பயணிகளோடு துபாய்க்குக் கிளம்பிய விமானம் ஓடுபாதை முனையிலிருந்த ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு மேலேறியது. எதிலோ மோதியிருக்கலாம் என்று தரையிலிருந்து விமானியிடம் சொன்னார்கள். எல்லாக் கருவியும் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது. விமானம் அரபிக் கடல் நோக்கிப் போய், பிறகு மும்பைக்குத் திருப்பப்பட்டு, அங்கே இறங்கிய பின்தான் அடிவயிற்றில் இருந்த கிழிசலை எல்லாரும் பார்த்தார்கள். யாருக்கும் காயமில்லை. எதிர்பாராததை ஒருவர் சொல்லிவிட்டால் போதாது, எதிரில் இருப்பவர் அதை நம்பும்படி அழுத்திச் சொல்லவும் வேண்டும் என்று அந்த இரவு எனக்குச் சொல்கிறது.

கூச்சம்தான் எதிரி

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூருக்கு இறங்கி வந்த ஃபிளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு “டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று கட்டளை வந்தது. இரண்டாயிரத்து நானூறு அடிக்கு இறங்கு என்பது அதன் பொருள். விமானிகள் ‘டூ’வை எண்ணாக எடுக்காமல் ‘வரை’ என்று எடுத்துக்கொண்டு, நானூறு அடி என்று திருப்பிச் சொன்னார்கள். யாரும் திருத்தவில்லை. விமானம் மலையில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். “மறுபடி சொல்லுங்கள், இரண்டாயிரத்து நானூறா, நானூறா?” என்ற ஒரு கேள்வி அவர்களைக் காப்பாற்றியிருக்கும்.

மேலே சொன்ன விபத்துகளில் பல, சொல் தெரியாததால் மட்டும் நடந்தவை அல்ல. புரிந்த மாதிரி இருந்துவிட்டதால், கேட்கத் தயங்கியதால், பெரிய சொல்லைச் சொல்ல மனம் வராததால் நடந்தவை. வானத்து மொழி இந்தக் கூச்சத்துக்கு மருந்தாகவே ‘சே அகெய்ன்’ என்ற சொற்களை வைத்திருக்கிறது. முப்பது வருட அனுபவமுள்ள கேப்டனும் அதைச் சொல்வார். அதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

எங்கள் ஊருக்கு வடக்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. தெற்கே விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. சுற்று வட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் கல்லூரி அது. இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தில் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு விண்ணப்பிக்க, இயற்பியலும் கணிதமும் படித்த இளநிலை அறிவியல் பட்டமோ பொறியியல் பட்டமோ போதும். ஆங்கிலம் பன்னிரண்டாம் வகுப்பு அளவு கேட்கிறார்கள். தேர்வானவர்களுக்கு ஆணையமே பயிற்சி தருகிறது. தமிழ் வழியில் படித்தேன், எனக்கு இது எட்டாது என்று ஒதுங்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு வகுப்பு, கட்டுரை மனப்பாடத்தை ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளை நடந்ததைச் சொல்ல வையுங்கள். பஸ் டயர் வெடித்தது, மாடு குறுக்கே வந்தது, பாட்டிக்கு நெஞ்சு வலி வந்தது என்று எதையாவது ஐந்து சின்ன ஆங்கில வாக்கியங்களில் சொல்லட்டும். சொல் கிடைக்காவிட்டால் சுற்றி வந்து சொல்லட்டும். கேட்ட பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும். புரியாத பிள்ளை கையைத் தூக்கி “மறுபடி சொல்லுங்க” என்று கேட்டால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

பெரியம்மாவிடம் பிறகு இதையெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, “அப்போ, தெரியலன்னா கேட்கிறதுதான் பெரிய படிப்புன்னு சொல்லு” என்றார். ஆம், அதுதான்.